மீன்தோல் மிஸ்

மகளே, தம்பி,

போன ஞாயிறு பெரிய மாமா வீட்டுக்குப் போய்வந்த பிறகு நீங்கள் இரண்டு பேரும் என்னிடம் ஒன்று கேட்டீர்கள். "அம்மாவுக்கு மருந்தக் கையில வச்சிக்கிட்டே ஒரு மிஸ் குடுக்காம விட்டாங்களாமே, நெசமாப்பா?" நான் கோழிக்குத் தீன் போடவேண்டும் என்று எழுந்து வெளியே போய்விட்டேன். வாயால் சொல்லத் தொடங்கினால் பாதியில் நின்றுவிடும் என்று பயமாக இருந்தது. அதனால் எழுதுகிறேன். ஒன்பதாம் வகுப்போடு நின்றவன் நான். பிழை இருந்தால் திருத்திப் படியுங்கள்.

மாமா சொன்னதற்குப் பதில் பிறகு வரும். முதலில் அந்த மிஸ் எப்படிப்பட்ட ஆள் என்று தெரிந்துகொள்ளுங்கள். அவருடைய பேரை நான் எழுதப்போவதில்லை. இப்போது எந்த ஊரில் இருக்கிறாரோ தெரியாது. கேட்காமல் பேரை எழுதுவது சரியாகப் படவில்லை. பதுளை மார்க்கட்டில் யாரும் அவருடைய பேரைக் கேட்டதும் இல்லை. எங்களுக்கு அவர் 'தோல் மிஸ்'.

அந்தப் பேர் வந்தது இப்படித்தான். மொனராகலைப் பக்கத்துக் குளங்களில் இருந்து லொறியில் வரும் திலாப்பியா மீனை நான் அறுத்து விற்பது உங்களுக்குத் தெரியும். பக்கத்தில் எல்ல என்ற ஊரின் ஹோட்டல்களில் வெள்ளைக்காரர் சாப்பிடுவதற்குத் தோல் உரித்த சதைதான் கேட்பார்கள். உரித்த தோல் மேசைக்கடியில் ஒரு வாளியில் கிடக்கும். ஒருநாள் காலையில் கறுப்பு அபாயா போட்ட ஒரு பெண்பிள்ளை வந்து மீனைப் பார்க்காமல் அந்த வாளியைக் குனிந்து பார்த்தார்.

"இந்தத் தோலெல்லாம் என்ன செய்வீங்க அண்ணன்?"

"பூனைக்குப் போடுவோம் மிஸ்."

பக்கத்து மேசை ராசு அண்ணன் கத்தியைத் தீட்டிக்கொண்டே கேட்டார். "மிஸ் வீட்டுல எத்தன பூன?"

"பூன இல்ல. எனக்குத்தான் வேணும்."

"அப்ப சதைய யாருக்குக் குடுப்பீங்க?"

மார்க்கட்டே சிரித்தது. மிஸ்ஸும் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, கொண்டுவந்த, ஐஸ் வைக்கும் ரெஜிபோம் பெட்டியைத் திறந்து தோலை நிரப்பச் சொன்னார். அதற்குப் பிறகு வாரத்துக்கு ஒரு தடவையாவது வருவார்.

அவர் பதுளை டவுனில் துணிக்கடை வைத்திருக்கும் ஒரு முஸ்லிம் முதலாளியின் மகள். கெம்பஸ்ஸில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். அவர்கள் வீட்டுப் பேச்சில் 'சொல்லு' என்பதைச் 'செல்லு' என்பார்கள். 'தெரியாது' என்பதைத் 'தெரியா' என்பார்கள். இந்த இரண்டு சொல்லும்தான் அவர் வாயில் எந்நேரமும் இருக்கும். "சோதன இன்னும் செல்லல்ல." "எனக்குத் தெரியா."

ராசு அண்ணன் இதை வைத்தே அவரைக் கிண்டல் பண்ணுவார்.

"மிஸ், இன்னைக்கு மழ வருமா?"

மிஸ் வெளியே வந்து நமுனுகுலை மலையைக் கொஞ்ச நேரம் பார்ப்பார். "தெரியா அண்ணன்."

"கெம்பஸ்ல இருக்கிறவங்க தெரியாதுன்னு சொன்னா நாங்க எங்க போய்க் கேக்குறது? சும்மா வரும்னு சொல்லுங்க மிஸ். வராட்டி நாங்க என்ன கேஸா போடப்போறோம்?"

"வரும்னு செல்லி நீங்க மீன மூடிட்டா?"

"வராதுன்னு சொல்லுங்க."

"அதுவும் தெரியாதே."

தெரியாத ஒன்றை விளையாட்டாகச் சொல்லக்கூட அவரால் முடியாது. வாப்பாவின் கடையில் நிற்க விட்டார்களாம், பள்ளிக்கூட லீவு நாளில். ஒரு அம்மா கல்யாணத்துக்குத் துணி எடுத்து, "சாயம் போகுமா?" என்று கேட்டாளாம். எந்தக் கடையிலும் போகாது என்றுதான் சொல்வார்கள். இவரோ, "ஒரு துண்டு வெட்டி சவர்க்காரத் தண்ணியில ஊறப்போட்டு நாளைக்கு செல்றேன்" என்றாராம். வாப்பா வந்து, "மகள், நீங்க போய்ப் படிங்க, இனிமே கடைப் பக்கம் வராதீங்க" என்று அனுப்பிவிட்டாராம். இதை அவரே எங்களிடம் சொல்லிச் சிரித்தார். "அப்பிடித்தான் நான் படிச்சவளானேன்" என்றார்.

இனி அவர் என்ன செய்தார் என்று சொல்கிறேன். எனக்கு விளங்கிய அளவுக்குத்தான் சொல்லமுடியும். மகளே, நீ விஞ்ஞானம் படிக்கிறாய், உனக்கு என்னைவிடக் கூடுதலாக விளங்கும்.

மீன்தோலில் ஒரு புரதம் இருக்கிறது. புரதம் என்றால் மணி கோத்த மாலை மாதிரி என்றார். நம் வீட்டுக்கு வந்திருந்தபோது அம்மாவின் ஜெபமாலையை எடுத்துக் காட்டித்தான் இதை விளக்கினார். எந்த மணிக்குப் பக்கத்தில் எந்த மணி என்ற ஒழுங்கைப் பார்த்து மாலை தானாக முறுக்கிக்கொள்ளும். சூடு பட்டால் முறுக்கு இளகும், குளிரில் இறுகும். புளிப்பு பட்டால் ஒரு மாதிரி, காரம் பட்டால் வேறு மாதிரி. மணியை மாற்றிக் கோத்தால் எப்போது இளகவேண்டும், எப்போது அறுந்துபோகவேண்டும் என்று நாமே தீர்மானிக்கலாம். அப்படிக் கோத்து, மெல்லிய சவ்வாகக் காயவைத்து, புண்ணின் மேல் போட ஒன்று செய்யவேண்டும். அதுதான் அவருடைய வேலை. புண் நன்றாக ஆறினால் சவ்வு சும்மா கிடக்கும். புண் கெட்டுப்போனால், கெட்ட புண்ணில் ஊறும் நீர் மாலையை ஒரு குறிப்பிட்ட இடத்தில் வெட்டும். வெட்டினால் அதற்குள் இருக்கும் மருந்து புண்ணில் விழும்.

"கெட்டாத்தான் மருந்து வரும். கெடாட்டி வராது. புண்ணே அதக் கேட்டு வாங்கும்" என்றார்.

பார்த்தாலே தெரியும்படி நிறமும் சேர்த்திருந்தார். ஊதாக் கோவா, முட்டைக்கோஸ் என்பார்களே, அதன் சாறு. ஆறும் புண்ணில் கொஞ்சம் புளிப்பு இருக்குமாம், அதில் சவ்வு ரோஸ் நிறம். கெட்டுப்போனால் பச்சை.

மாட்டுத்தோலில் இதைவிடச் சுலபமாகச் செய்யலாம் என்று ஒருநாள் சொன்னார். "அப்ப ஏன் மிஸ் இந்த நாத்தத்துல கெடக்குறீங்க?" என்று கேட்டேன்.

"மாடுன்டா ஒங்கட தேயிலைத் தோட்டத்துல பாதிப் பேரு வேணாம்பாங்க. பன்றின்டா எங்கட ஆக்கள் வேணாம்பாங்க. புண்ணு எல்லாருக்கும் வருது. மீன யாரும் வேணாம்னு செல்ல மாட்டாங்க."

ஒரு தடவை அந்தப் புரதத்தில் செய்த ஜெலி மாதிரி ஒரு துண்டைக் கொண்டுவந்து என் உள்ளங்கையில் வைத்தார். அது இளகாமல் அப்படியே இருந்தது. டீக் கோப்பை பிடித்திருந்த ராசு அண்ணன் கையில் வைத்தார். தண்ணியாக ஓடிவிட்டது.

"பாத்தியா, எனக்குத்தான் ஒடம்புல சூடு இருக்கு. நீ செத்துப் பல நாளாச்சி" என்றார் ராசு அண்ணன்.

மிஸ் சிரிக்கவில்லை. என் கையைத் தொட்டுப் பார்த்தார். விடிந்ததிலிருந்து ஐஸில் கிடந்த கை. "ஒரே சாமான், ஒரே நேரம், ரெண்டு ஆளு. லேப்ல வச்சி எத்தன செஞ்சாலும் ஐஸ்ல வேல செய்ற கை அங்க இல்லயே" என்றார். அன்றைக்குத்தான் கேட்டார், தோட்டத்தில் வேலை செய்யும் பெண்களைத் தெரியுமா என்று. "என் சம்சாரமே கொழுந்து எடுக்குறவதான் மிஸ்" என்றேன்.

அப்படித்தான் அவர் தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, நம் லயத்துக்கு வந்தார். உங்களுக்கு ஞாபகம் இருக்குமோ என்னவோ. தம்பிக்கு அப்போது சளி. மகளே, நீ கதவுக்குப் பின்னால் நின்று அவருடைய கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

அம்மாதான் லயத்துப் பெண்களைக் கூட்டினாள். மிஸ் ஆளுக்கு ஒரு சின்னச் சவ்வு கொடுத்தார். அதில் மருந்து கிடையாது, நிறம் மட்டும்தான். "புண்ணுல போடப்படாது. ஒடம்புல ஒட்டவும் வேணாம். பூட்ஸுக்குள்ள, மேல் பக்கமா வச்சிக்கிட்டு வேலைக்குப் போங்க. ஈரத்துல, வேர்வையில இது என்ன செய்யுதுன்னு மட்டும் பாக்கணும்" என்றார். அதற்குக் கெம்பஸ்ஸில் அனுமதி வாங்கியிருந்தார்.

மறுநாள் பகல் கொழுந்து நிறுக்கிற இடத்தில் ஒரே கூச்சல். சரசு அக்கா பூட்ஸைக் கழற்றிப் பார்த்திருக்கிறாள். சவ்வு பச்சை. "ஐயோ, என் காலு அழுகிப்போச்சே!" என்று உட்கார்ந்துவிட்டாளாம். இன்னும் சிலர் பார்த்திருக்கிறார்கள், அவர்களுடையதும் பச்சை. கூடையைப் போட்டுவிட்டு எல்லோரும் டிஸ்பென்சரிக்கு ஓட, கங்காணி பின்னால் ஓட, டிஸ்பென்சர் ஐயா வரிசையாக நிற்கும் கால்களைப் பார்த்துவிட்டு, "இதுல எந்தக் காலுக்கு என்னா வருத்தம்?" என்று கேட்டாராம். அம்மா வீட்டுக்கு வந்து இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். இடுப்பில் கட்டிய படங்கை அவிழ்க்கக்கூட முடியவில்லை அவளால்.

பின்னேரம் மிஸ் வந்தார். எல்லோரையும் உட்காரவைத்து, "காலையில காலுக்கு என்ன போட்டீங்க?" என்று கேட்டார்.

"என்னாத்த போடுறது, பவுடரா? அட்டைக்கு சவுக்காரம் தேச்சோம்" என்றாள் சரசு அக்கா.

மழைக்காலத்தில் அட்டை ஏறாமல் இருக்க நம் பெண்கள் காலில் சவர்க்காரம் தேய்ப்பது தெரியும்தானே. சவர்க்காரம் காரம். சவ்வு அதைப் பார்த்துப் பச்சையாகிவிட்டது. மிஸ் நெற்றியில் கையை வைத்துக்கொண்டு சிரித்தார். "இத எந்தப் புத்தகத்துல போய்ப் படிக்கிற!" என்றார்.

அப்போது அம்மா தன்னுடையதை நீட்டினாள். "என்னோடது மாறவே இல்ல மிஸ். அப்புடியே ரோசா இருக்கு."

"நீங்க சவர்க்காரம் தேய்க்கல்லயா அக்கா?"

"எனக்கு அது அரிக்கும். எலுமிச்சங்காதான் தேய்ப்பேன்."

மிஸ்ஸின் சிரிப்பு நின்றுவிட்டது. பச்சையான மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு, நல்ல நிறத்தில் இருந்த அந்த ஒன்றையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு விளங்கவில்லை. கேட்டேன்.

"பச்சையானா பயந்துபோய் டொக்டர்ட்ட ஓடுவாங்க. அதுல கெட்டது ஒன்டும் இல்ல அண்ணன். எனக்குப் பயம் இந்த ரோஸ்தான். புண்ணு கெட்டுப்போனாலும், நீங்க செல்ற எலுமிச்சங்கா, எங்கட தேசிக்காய், அந்தப் புளிப்புல இது நல்லா இருக்குன்னு செல்லும். மாலையும் வெட்டுப்படாது, மருந்தும் வராது. நம்பிக்கிட்டு வீட்டுல இருந்துருவாங்க."

சில நாள் கழித்துச் சவ்வை எல்லாம் திரும்ப வாங்கும்போது அம்மாவுடையது இல்லை. காட்டிவிட்டு மறுபடி பூட்ஸுக்குள் வைத்தாளாம், மறுநாள் மலையில் விழுந்துவிட்டதாம். மிஸ் தானே மலைக்குப் போய் தேயிலைச் செடியின் மிலாறுக் குச்சிகளுக்கு நடுவே குனிந்து தேடினார். மூடுபனி இறங்கும் வரைக்கும் தேடினார். அபாயா முழுக்கச் சேறு, காலெல்லாம் அட்டை. "ஒரு துண்டுதானே மிஸ், போகட்டும்" என்றேன். "எங்க கெடக்குன்னு தெரியாம எப்படிப் போகட்டும்னு விடுற?" என்றார். கிடைக்கவில்லை.

தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டும் நேரம் வந்தது. கவ்வாத்து வெட்டிய மலையில் குச்சிகள் கத்தி மாதிரி நிற்கும். அதில் ஒன்று அம்மாவின் பழைய பூட்ஸைத் துளைத்துக் காலில் ஏறிவிட்டது. அம்மாவுக்குச் சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு, இருந்தது உங்களுக்குத் தெரியும். காலில் உணர்ச்சி குறைவு. வலிக்காததால் அவள் என்னிடம் சொல்லவும் இல்லை. நான் பெரும்பாலும் விடிவதற்கு முன்னால் மார்க்கட்டுக்குப் போய் இருட்டில் வருகிறவன். ஒருநாள் அவளுடைய நடையைப் பார்த்துவிட்டுக் கேட்டேன்.

"ஒன்னுமில்லங்க, சின்ன கீறல்."

"காட்டு."

"துணிய அவுத்தா காத்துப் படும். ஆறிக்கிட்டு வருது."

"ஆஸ்பத்திரிக்குப் போவோம் வா."

"போனா கால எடுத்துருவாங்க. மேல் லயத்துச் செல்லையாவப் பாத்தீங்கதானே. நம்ம மிஸ்கிட்ட அந்த மருந்து வச்ச சவ்வு இருக்கும்ல. அத வாங்கிட்டு வாங்க. அது போதும் எனக்கு."

அதற்கு மேல் என் பேச்சை அவள் கேட்கமாட்டாள். மறுநாள் உங்கள் பெரிய மாமாவும் என்னோடு மார்க்கட்டுக்கு வந்தார். மிஸ் தோல் வாங்க வந்ததும் கேட்டேன். கெஞ்சித்தான் கேட்டேன்.

"தரமாட்டேன் அண்ணன்" என்றார்.

மாமாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "வச்சிக்கிட்டே இல்லங்குறீங்களா? எங்க வீட்டுப் பொம்பளைங்களத்தானே நீங்க வச்சிப் பாத்தீங்க?"

"ஓம். அதனாலதான் செல்றேன். அது இன்னும் எலி மேலகூடப் போட்டுப் பாக்கல்ல. மனிசருக்குப் போட்டா என்ன ஆகும்னு எனக்குத் தெரியா." பிறகு என் பக்கம் திரும்பினார். "புண்ண நீங்க பாத்தீங்களா?"

"துணிய அவுக்க விடமாட்டேங்குறா."

தோல் பெட்டியை அப்படியே என் மேசையில் விட்டுவிட்டு, போனில் வாப்பாவின் கடை வேனைக் கூப்பிட்டார். ஈரக்கையோடுதான் நான் ஏறினேன், மாமாவும் ஏறினார். மாமா கேட்டது அந்த 'தரமாட்டேன்' என்ற சொல்லைத்தான். இன்றைக்கு வரைக்கும் அவர் காதில் அதுதான் இருக்கிறது. அவர் பொய் சொல்லவில்லை, பிள்ளைகளே. ஆனால் வீட்டுக்குள் நடந்ததை அவர் பார்க்கவில்லை. அவர் வெளியே வேன்காரனோடு நின்றார்.

உள்ளே அம்மா மிஸ்ஸைப் பார்த்ததும் முகம் மலர்ந்தாள். "வந்துட்டீங்களா மிஸ்" என்று தானாகவே துணியை அவிழ்த்தாள். அவிழ்க்கும்போதே நாற்றம் வந்தது. புண்ணின் மேலே ரோஸ் நிறத்தில் அந்தச் சவ்வு ஒட்டியிருந்தது. மலையில் விழுந்துவிட்டது என்று சொன்ன அதே சவ்வு.

"கோவிச்சுக்காதீங்க மிஸ். அழகா இருந்திச்சின்னு எடுத்து வச்சிக்கிட்டேன்" என்றாள் அம்மா. "பாருங்க, பச்சையே ஆகல. நல்லாத்தானே இருக்கு?"

மிஸ் சிமெந்துத் தரையில் உட்கார்ந்துவிட்டார். அவருடைய குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. "தேசிக்காய் போட்டீங்களா அக்கா?"

"தெனம் காலையில சுத்தியும் தேய்ப்பேன். புண்ணு காயணும்ல."

மிஸ் தண்ணீர் வாங்கி, சவ்வை நனைத்து நனைத்து மெதுவாக எடுத்தார். அதற்குக் கீழே கால் கறுத்துப்போயிருந்தது.

"இது பொய் செல்லுது அக்கா" என்றார்.

அம்மா அவரைப் பார்த்துச் சிரித்தாள். "நீங்க செஞ்சதாச்சே மிஸ். அது எப்படிப் பொய் சொல்லும்?"

மிஸ் எழுந்துவிட்டார். நாங்கள் இரண்டு பேருமாக அம்மாவைத் தூக்கி வேனில் ஏற்றினோம்.

வழி முழுக்க அம்மா கேட்டுக்கொண்டே வந்தாள். "கால எடுத்துருவாங்களா மிஸ்?"

"தெரியா அக்கா. எடுக்கலாம்."

"பொழச்சிக்குவேனா?"

"தெரியா அக்கா."

எனக்கு மிஸ் மேல் எரிச்சலாக வந்தது. ஒரு வார்த்தை நல்லதாகச் சொன்னால் என்ன? பெரியாஸ்பத்திரிக்குப் போனதும் கட்டு மாற்ற வந்த பெண், "ஒன்னுமில்லம்மா, சரியாப்போயிரும்" என்றாள். அவள் அந்தப் பக்கம் போனதும் அம்மா என் கையைப் பிடித்து இழுத்து, "அந்த மிஸ் ஒருத்திதாங்க என்னைய மனுஷியா நெனச்சிப் பேசுது" என்றாள். இதை நான் அம்மாவின் வாயாலேயே கேட்டேன். மாமாவுக்கு இது தெரியாது.

டொக்டர்மார் கால்விரலை எடுத்தார்கள். பிறகு முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். கிருமி அதற்கு முன்பே இரத்தத்தில் கலந்துவிட்டது என்றார்கள். மிஸ் தினமும் வந்து வார்டு நடையில் நிற்பார். உள்ளே வா என்று அம்மா கையைக் காட்டினால் வந்து பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். கடைசி நாட்களில் அம்மாவுக்கு யாரையும் அடையாளம் தெரியவில்லை. அப்போதும் வந்தார்.

மிச்சம் உங்களுக்குத் தெரியும்.

அடக்கத்தன்று அவர் வாப்பாவோடு வந்திருந்தார். மாதா கோயிலுக்கு வெளியே கொய்யா மரத்தடியில் நின்றார். மாமா கண்டுவிட்டார். "குடுத்திருந்தா என் தங்கச்சி இருந்திருப்பா! பெட்டிக்குள்ள வச்சிப் பூட்டிக்கிட்டு இப்ப எதுக்கு வந்தீங்க?" என்று எல்லோருக்கும் கேட்கக் கத்தினார். உபதேசியார் வந்து அவரைப் பிடித்துக்கொண்டார். ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். சரசு அக்காகூட ஏதோ முணுமுணுத்தாள். மிஸ் வாயைத் திறக்கவில்லை. தலையைக் குனியவும் இல்லை. மாமா கத்தி முடிக்கும் வரை அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் பேசாமல் நின்றதைக் குற்றத்தை ஒத்துக்கொண்டதாக எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள்.

வாப்பா கடை திறக்க வேனில் போய்விட்டார். மிஸ்ஸை ரோட்டு வரைக்கும் கொண்டுபோய் விட நான் கூடவே இறங்கினேன். பஸ் நிற்கும் இடத்தில் வேறு யாரும் இல்லை.

"மச்சான்கிட்ட நடந்தத சொல்லிர்றேன் மிஸ்" என்றேன்.

"இப்ப வேணாம் அண்ணன். அக்கா தேசிக்காய் போட்டதுல, சவ்வ எடுத்து வச்சிக்கிட்டதுல அவங்கட பிழ ஒன்டும் இல்ல. ஆனா மையத்து வீட்டுல, சாவு நடந்த எடத்துல, அதச் செல்லப்போனா, அவங்க தானா தேடிக்கிட்டாங்கன்னு ஆக்கள் பேசுவாங்க. என்னப் பேசட்டும்."

பஸ் வரும் பக்கம் பார்த்துக்கொண்டே, "நான் கெம்பஸ்ல செல்லிட்டேன்" என்றார்.

"என்னாத்த?"

"ஒன்டு தொலஞ்சத. அது புண்ணுக்குப் போனத. தேசிக்காயில ரோஸாவே நின்டத. எல்லாத்தையும். வேலைய நிப்பாட்டிட்டாங்க. இனி என்னக் கிட்ட விடமாட்டாங்க."

மூன்று பேருக்கு மட்டும் தெரிந்த விஷயம். அதில் ஒருத்தியைச் சற்று முன்னால்தான் மண்ணில் வைத்துவிட்டு வந்தோம். "ஏன் மிஸ் சொன்னீங்க? நான் செத்தாலும் யாருகிட்டயும் சொல்லியிருக்க மாட்டேனே!"

"தெரியும். நீங்க செல்லமாட்டீங்க. அப்ப நான்தானே செல்லணும்." தலையில் இருந்த துணியைச் சரிசெய்துகொண்டார். "நாளைக்கு வேற ஊருல இத யாராவது செய்வாங்க. என்னயவிட நல்லாச் செய்வாங்க. அவங்களுக்கு இந்தத் தேசிக்காய யார் செல்றது? அக்காட காலு செல்லித் தந்த ஒரே விஷயம் அண்ணன் அது. அத நான் மறைக்க ஏலாது."

அதற்குப் பிறகுதான் நான் கேட்டேன். அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த அத்தனை நாளும் என் நெஞ்சில் இருந்ததைக் கேட்டேன்.

"மிஸ், அந்தச் சவ்வு அவ கையில இல்லாம இருந்திருந்தா, கால் கறுக்குறதப் பாத்து முந்தியே போயிருப்பாளா? பொழச்சிருப்பாளா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். சீனி வருத்தம் இருந்தது, எப்படியும் இப்படித்தான் ஆகியிருக்கும் என்று சொல்லியிருக்கலாம். அப்படிச் சொன்னால் அவருக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி. நான் நம்பியிருப்பேன். அவருடைய உதடு அசைந்ததைப் பார்த்தேன். வாய்வரைக்கும் ஏதோ வந்து திரும்பிப்போனது. கண்ணீர் வழிய வழிய என் முகத்தைப் பார்த்து,

"தெரியா அண்ணன்" என்றார்.

பஸ் வந்தது. அவர் ஏறவில்லை. கொண்டக்டர் பஸ்ஸைத் தட்டிவிட்டுப் போய்விட்டான். நாங்கள் இரண்டு பேரும் ரோட்டோர மதகின் மேல் உட்கார்ந்திருந்தோம். மேலே கோயிலில் பாட்டுப் படிக்கும் சத்தம் கேட்டது.

சில மாதத்தில் அவர் ஊரைவிட்டுப் போய்விட்டார். வெளிநாடு என்று சிலர் சொல்கிறார்கள், கொழும்பில் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறார் என்று ராசு அண்ணன் சொல்கிறார். துணிக்கடைக்குப் போய் வாப்பாவிடம் கேட்க எனக்கு மனம் வரவில்லை. நான் போய் நின்றால் அந்த மனிதருக்கு எதெல்லாம் ஞாபகம் வருமோ.

இப்போது நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். மிஸ் மருந்து வைத்துக்கொண்டு கொடுக்காமல் இருந்தார் என்பது சரியில்லை. அவரிடம் இருந்தது மருந்தாகவில்லை, அதனால் கொடுக்கவில்லை. அவர் கொடுக்காத ஒன்றை அம்மா வைத்திருந்தாள். அழகாக இருந்தது என்று வைத்திருந்தாள். அதில் அம்மாவையும் குறை நினைக்காதீர்கள். லயத்து வீட்டில் அழகாக என்ன இருந்தது அவளுக்கு? அந்த ரோஸ் நிறம் அவளுக்கு நல்ல செய்தி சொன்னது, அவள் நம்பினாள். மாமாவிடம் இதை அடுத்த ஞாயிறு நானே போய்ச் சொல்கிறேன். நீங்கள் சொல்லவேண்டாம்.

அம்மா பிழைத்திருப்பாளா என்று நீங்கள் அடுத்துக் கேட்பீர்கள். எனக்குத் தெரியாது. அடக்கத்துக்கு வந்த எல்லோரும் எனக்கு ஏதாவது ஒன்று சொன்னார்கள். கர்த்தருடைய சித்தம் என்றார்கள், வேதனைப்படாமல் போய்ச் சேர்ந்தாள் என்றார்கள், நேரம் வந்துவிட்டது என்றார்கள். எல்லாம் அன்பில் சொன்னதுதான். கேட்டுத் தலையை ஆட்டினேன். ஆனால் அவர்களோடு இருந்தபோதெல்லாம் நான் மட்டும் தனியாக ஒன்றும் தெரியாமல் நின்றேன். மதகின் மேல் உட்கார்ந்திருந்த அந்தக் கொஞ்ச நேரம்தான், தெரியாதவர்கள் நாங்கள் இரண்டு பேர் இருந்தோம்.